ராசியான ஏழு

செவ்வாய், காலை ஏழே முக்கால், சமையலறை.

என்னங்க, நேற்றும் நீங்கள் பாட்டுப் போட்டதும் என் வெளியூர் மாற்றல் மனு பாதி அச்சில் நின்றது. "பிரிண்டரே உன்னைப் போக வேணாங்குதுடி" என்று சிரித்தீர்கள். பழைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளே கரப்பான் இறக்கையும் பிசுக்கும். மூன்று முறை கை கழுவினேன்.

கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்பு எண் உண்டு; பிரிண்டர் ஏழாம் எண்ணில்தான் அதைக் கூப்பிடும். உங்களுக்கு ராசி என்று, பாட்டை ஒலிக்கவைக்கும் சவுண்ட் கார்டையும் ஏழிலேயே வைத்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து கூப்பிட்டால் அது எதற்குத்தான் பதில் சொல்லும்? ராசியாம், ராசி! கார்டை ஐந்துக்கு மாற்றிவிட்டேன்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். டம்ளரில் கம்ப்யூட்டர் திருகுகள் கிடக்கின்றன, தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்.

பி.கு.: உங்கள் பாட்டும் கேட்கிறது, போட்டுப் பார்த்தேன். மனு நான்கு பக்கமும் வந்துவிட்டது. பத்து மணிக்கு ஆபீசில் கொடுத்துவிடுவேன்.