கண்ணை மூடும் கோல்கீப்பர்

சித்தூர்,
12-8-1974

ஜெயசீலிக்கு,

நம்ம சர்ச் ஃபுட்பால் டீமுக்குப் புதுசா எடுத்த பசங்களோட லட்சணத்தைக் கேளு. ஞானசிங் நல்லா ஓடறான், பந்தை விட்டுட்டு ஓடறான். தேவானந்தம் பலமா உதைக்கிறான், எந்தப் பக்கம்னுதான் அவனுக்கே தெரியல.

கோல்கீப்பர் அசரியா நல்ல உயரம், எதிர்த்துப் பேசமாட்டான். ஆனா பந்து வந்தா கண்ணை மூடிக்கினு ஜெபம் பண்றான்! நேத்து நாலு கோல் வாங்கினோம். திட்டினா, "கர்த்தர் பாத்துப்பார் சார்"ங்கறான்.

வாய்த்துடுக்குன்னு உன் தம்பியை நான் டீமை விட்டு எடுத்தது சரிதான். அதுக்கு நீ கோச்சிக்கினு அவனோட பாகாலாவுக்கு, அம்மா வீட்டுக்குப் போனதுதான் அநியாயம்.

இருந்தாலும் அவன் கண்ணைத் திறந்துக்கினு நிப்பான். அனுப்பி வை.

இருபத்திரண்டு வயசு ஆம்பளைதான். ஆனாலும் தனியா ரயிலேத்தாதே. நீயே கூட்டிக்கினு வா.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்