பாடத்தில் இல்லாத செருப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்றும் அந்த நீலக் கோட்டுப் பெண்ணோடுதான் பொழுது போனது. கம்பெனி ஆப்பில் வந்து பாடம் நடத்துகிற பெண். "வணக்கம்! வேறு பண்பாட்டைச் சேர்ந்த ஒருவரோடு வேலை செய்வது எவ்வளவு இனிமையான அனுபவம் தெரியுமா?" என்று தொடங்குவாள். தெரியாது. நீ சொல்லு.

செய்யாறு தொழிற்பேட்டையில் எங்கள் ஷூ கம்பெனிக்குத் தைவானிலிருந்து புது மேலாளர்கள் வந்ததிலிருந்து இந்த ஆன்லைன் பயிற்சி எல்லோருக்கும் கட்டாயம். நான் பயிற்சிப் பிரிவு என்பதால் முதலில் நான் பாஸாக வேண்டும். பிறகு லைனில் வேலை செய்யும் பெண்களைக் கூட்டம் கூட்டமாக உட்காரவைத்து, டேப்லெட்டில் ஓட்டிக் காட்டி, தமிழில் விளக்க வேண்டும்.

மூன்றாம் பாடத்தில் ஒரு கேள்வி. உங்கள் மேலாளர் நீங்கள் சொன்னதற்குப் பதில் பேசாமல் அமைதியாக இருக்கிறார். எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? சரியான விடை: அவர் யோசிக்கிறார், அவசரப்படுத்தாதீர்கள். இன்னொன்று: அவர் தவறு செய்தால் பிறர் முன்னால் சொல்லாதீர்கள், அவர் முகம் வாடும், தனியாகச் சொல்லுங்கள். வீட்டில் பக்கத்து விசைத்தறி சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. ஆனாலும் முழு மதிப்பெண்.

நாங்கள் அவர்களைப் படிக்கிறோம் சரி, அவர்கள் எங்களைப் பற்றி என்ன படிக்கிறார்கள் என்று எச்.ஆர். ராஜ்குமார் சாரிடம் கேட்டேன். அவர்களுக்கும் தனியாகப் பாடம் இருக்கிறது, முடித்துவிட்டார்கள் என்றார்.

ஜூன் 5, வியாழன்

இன்று உட்கார்ந்த கூட்டத்தில் மணிமேகலை அக்கா இருந்தாள். களம்பூர் பக்கத்து ஊர். ரைஸ் மில்லில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தவள், இங்கே வந்து சோல் ஒட்டும் வேலை கற்றுக்கொண்டு இப்போது லைனில் அவள் கைதான் வேகம். பாடம் முடிந்ததும், "நாம மட்டும் தான் புரிஞ்சிக்கணுமா மேடம்?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

ஜூன் 11, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, இருக்கட்டும்.

காலையில் சென் சார் லைனுக்கு வந்தார். அவர்தான் எங்கள் பிளாண்ட் மேலாளர். சின்ன வயசு. கேட்டில் இருக்கும் வாட்ச்மேனுக்குக்கூடத் தலை குனிந்து வணக்கம் வைப்பார், மதியம் தெருநாய்களுக்குச் சோறு வைப்பார். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு ஷூவை எடுத்துப் பார்த்தார். பசை வெளியே வழிந்திருந்தது. ரிஜெக்ட். "ரீ-டூ" என்று சொல்லிக்கொண்டே அதை மணிமேகலை அக்காவின் மேசைக்குத் தூக்கிப் போட்டார். அங்கே அவர்கள் ஊரில் அப்படித்தான் போடுவார்களாம், பந்து மாதிரி. அது மேசையில் விழவில்லை. அவள் தோளில் பட்டு, கன்னத்தில் உரசி, மடியில் விழுந்தது.

மொத்த லைனும் பார்த்தது.

புது ஷூதான். யாரும் போட்டு நடக்காதது. அதனால் என்ன? அவள் அந்த ஷூவை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். நடந்து வெளியே போய்விட்டாள். சென் சாருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஜூன் 12, வியாழன்

ராஜ்குமார் சாரை இன்று நாலு அறை விட்டிருக்க வேண்டும். மனசுக்குள் விட்டேன்.

மணிமேகலை அக்கா அனுமதி இல்லாமல் லைனை விட்டுப் போனாளாம். அதனால் சஸ்பெண்ட். திரும்ப வர வேண்டுமென்றால் பண்பாட்டுப் பயிற்சியை முதலிலிருந்து முடித்து, "மேலாளரின் வேலைமுறையைப் புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பயிற்சியை நடத்தப்போவது யார்? நான்.

யாருக்குப் பயிற்சி வேண்டும் சார் என்று கேட்டேன். அவர் சிரித்தார். சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

"ஷூ கம்பெனில வேல பாத்துகினு, ஷூ பட்டுச்சுன்னு கோச்சிக்கினு போனா இன்னாம்மா அர்த்தம்? அதுவும் அவங்கல்லாம்."

அவங்கல்லாம். அந்த ஒரு சொல்லை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஆரணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. எங்களைப்போலத் தறிக்காரக் குடும்பம்தான். பத்து வருஷம் ஷூ செய்தாலும் தோளில் படக்கூடாதது படக்கூடாதது தானே? அவர் தோளில் பட்டிருந்தால் ஊரையே கூட்டியிருக்க மாட்டாரா?

ஜூன் 15, ஞாயிறு

மணிமேகலை அக்கா வீட்டுக்கு வந்தாள். ஆரணி சந்தைக்கு வந்தவள், விலாசம் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். தனகோடி அத்தையும் இருந்தாள். அம்மா எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள். அக்கா குடித்துவிட்டுப் பேப்பர் கப்பைக் கையிலேயே கசக்கி வைத்துக்கொண்டு பேசினாள்.

கையெழுத்துப் போட மாட்டாளாம். வேண்டுமென்றால் மறுபடி மில்லுக்கே போகிறாளாம். பையன் பாலிடெக்னிக் சேர்ந்திருக்கிறான், மில் கூலியில் அவனைப் படிக்கவைக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டால் சென் சாரை ரூமுக்குள் வைத்து ஒரு சாரி சொல்லவைக்கிறேன் என்று ராஜ்குமார் சார் சொன்னதைச் சொன்னேன். அவர்கள் ஊரில் எல்லோர் முன்னாலும் சொல்வது கஷ்டம் அக்கா என்று பாடத்தில் படித்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"எல்லார் எதிர்லயும் தான் விழுந்துச்சு மேடம். ரூமுக்குள்ளயா விழுந்துச்சு?"

இதற்கு மூன்றாம் பாடத்தில் விடை இல்லை. கப்பை எங்கேயும் போடாமல் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

ஜூன் 16, திங்கள்

இன்று அட்மின் லாகினில் போய் சென் சார் படித்த பாடத்தைத் திறந்து பார்த்தேன். தலைப்பு: "இந்தியாவில் பணிபுரிதல்". இடது கையால் எதையும் கொடுக்காதீர்கள். அவர்கள் தலையை ஆட்டினால் ஆமாம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம். வண்ணப்பொடி தூவும் பண்டிகையில் கலந்துகொள்ளுங்கள். எங்கள் ஊரில் யார் தூவுகிறார்கள்? மாட்டுப் படம் ஒன்று. யோகா படம் ஒன்று.

செருப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. ஷூ கம்பெனிக்கு வருகிறவருக்குப் பாடம் எழுதுகிறவர்கள், ஷூவை ஆள்மேல் போடக்கூடாது என்று ஒரு வரி எழுதவில்லை! ஒருத்தனுக்குமா தோன்றவில்லை? பாவம் அந்த மனுஷன் எங்கிருந்து தெரிந்துகொள்வான்?

பாடம் தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று. பக்கத்தில் ஒரு சிரிக்கிற மஞ்சள் முகம்.

ஜூன் 18, புதன்

செய்துவிட்டேன்.

மதியம் நேரலை வகுப்பு. பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் திரையில். இங்கே கான்ஃபரன்ஸ் ஹாலில் மேலாளர்கள், எச்.ஆர்., நான். கடைசியில் யாருக்காவது அனுபவம் பகிர்ந்துகொள்ள வேண்டுமா என்றார். எழுந்தேன். எனக்கு வருகிற இங்கிலீஷில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் ஒருவர்மேல் செருப்பு விழுந்தால் அது அடி இல்லை, நீ மனுஷனே இல்லை என்று சொல்வது. காலம்காலமாகச் சிலரை அப்படிச் சொல்லியே வைத்திருந்தோம், அவர்களுக்கு அது இரண்டு மடங்கு வலிக்கும். போன வாரம் நம் லைனில் அது நடந்தது, லைன் முழுக்கப் பார்த்தது, பட்டவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன்.

அருமையான பகிர்வு என்றார் பயிற்சியாளர். ராஜ்குமார் சார் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். சென் சார் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"புது ஷூ கூடவா?"

புதுசு கூட என்றேன். அதன்பிறகு அவர் பேசவில்லை. மேலாளர் அமைதியாக இருந்தால் எப்படிப் புரிந்துகொள்வீர்கள்? முழு மதிப்பெண் வாங்கியவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 19, வியாழன்

ராஜ்குமார் சார் மெமோ தயார் என்கிறார். கொடுக்கட்டும், வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

மணிமேகலை அக்காவை வரச்சொல்லி சென் சாரே ஆள் விட்டிருக்கிறார். காலை ஷிப்ட் தொடங்குமுன் லைன் நடுவில் வந்து நின்றார். கையில் போன். தன் மொழியில் அதில் ஏதோ பேசினார். போன் அதைத் தமிழில் சொன்னது, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. "நான் உங்கள்மீது காலணியை எறிந்தது தவறு. எனக்கு அது தெரியாது. எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்." பிறகு இடுப்பு வரை குனிந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"சரிங்க சார்" என்றாள் அக்கா. ஏப்ரனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஆரணி வரும் கம்பெனி பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இப்போது மனசு ஆறியதா அக்கா என்று கேட்டேன். ஒரு பாராட்டு எதிர்பார்த்திருப்பேன் போல. ஜன்னல் பக்கமிருந்து திரும்பிச் சொன்னாள்.

"அவருக்குத் தெரியாது மேடம். தெரிஞ்சதும் வந்து சொல்லிட்டாரு. உங்க வீட்ல தெரிஞ்சே தானே பேப்பர் கப்புல குடுத்தாங்க."



ஜூன் 21, சனி

ஆமாம். தட்டில் இரண்டு எவர்சில்வர் டம்ளர், ஒரு பேப்பர் கப். டம்ளர் எனக்கும் அத்தைக்கும். கப் அவளுக்கு. என் கண்ணெதிரில்தான். பத்து நாளாக உலகத்தையே திருத்திக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை. தூ.

அம்மாவிடம் கேட்டேன். தம்பி நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய கப் மிச்சம் இருந்தது, அதில் கொடுத்தேன் என்றாள். எனக்கு ஏன் அதில் கொடுக்கவில்லை என்றேன். டம்ளரெல்லாம் கழுவாமல் கிடந்தது என்றாள். பொய். கத்தினேன். தறிமேடையில் இருந்த அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாவும் விடவில்லை.

"நான் இன்னா செருப்பத் தூக்கியாடி போட்டேன்? காபி தானே குடுத்தேன்."

இதுக்கு இன்னா பதில் சொல்றது? யாராச்சும் சொல்லுங்க. எந்தப் பாடத்துல இருக்குது?

ஜூன் 24, செவ்வாய்

மணிமேகலை அக்காவிடம் பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம்" என்றாள். அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது, மனசு ஆறவில்லை என்று. நான் இருவர் மட்டும் உட்காரும் சீட்டில், காதோரம், தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் குடித்தது அத்தை முன்னால்.

ஜூலை 2, புதன்

இனி எனக்கும் பேப்பர் கப்பில்தான் காபி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். டம்ளரில் வைத்தால் தொடுவதில்லை. நானே கப்பில் ஊற்றிக் குடித்து, கசக்கி, அடுப்பு மேடையில் வைக்கிறேன். அம்மாவுக்கு என்மேல் எரிச்சல். எனக்கு அவள்மேல் எரிச்சல். வீடே பேஜாராக இருக்கிறது.

ஜூலை 9, புதன்

மெமோ வரவில்லை. அதற்குப் பதில் சான்றிதழ் வந்தது. "பண்பாட்டுத் தூதர்" என்று என் பெயர் போட்டு. ராஜ்குமார் சாரே கையில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார், ஏதோ அவர்தான் எல்லாம் செய்ததுபோல. ரிஜெக்டுக்கு இப்போது லைன்தோறும் நீல டிரே வைத்திருக்கிறார்கள். சான்றிதழை வீட்டுக்கு எடுத்து வரவில்லை. எந்த முகத்தோடு இந்த வீட்டில் மாட்டுவது?

ஜூலை 17, வியாழன்

தனகோடி அத்தை வந்தாள். ஏன்டி நீ கப்பில் குடிக்கிறாய், உடம்புக்கு ஏதாவதா என்றாள். சொன்னேன், ஒன்றுவிடாமல். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. இதுக்குப்போயா என்றாள் அத்தை. இதுக்குத்தான் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

மணிமேகலை அக்கா வந்தாள். அவர்கள் ஊர் அம்மனுக்கு வரும் ஞாயிறு கூழ் வார்க்கிறார்கள். லைனில் எல்லோரையும் கூப்பிடுகிறாள். என்னை வீட்டுக்கு வந்துதான் கூப்பிட வேண்டும் என்று வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றாள். நான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே உட்காரவைத்தேன். அத்தையும் இன்று இருந்தாள், நல்லவேளை என்று இப்போது தோன்றுகிறது.

அம்மா காபி கொண்டுவந்தாள். தட்டில் எல்லாமே டம்ளர். அக்கா பார்த்தாள். எடுக்கவில்லை.

"இப்பதாம்மா கடையில குடிச்சிட்டு வந்தேன். வேணாம்."

மரியாதையாகத்தான் சொன்னாள். அம்மா தட்டோடு அப்படியே நின்றாள். இந்த ஒரு தடவை நான் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அம்மா அத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவளிடம் சொன்னாள்.

"அன்னிக்கும் டம்ளர் கழுவித்தாம்மா இருந்துச்சு. நான்தான் எடுக்கல. தப்பு."

அத்தை சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா உடனே ஒன்றும் சொல்லவில்லை. அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு டம்ளரை எடுத்தாள். வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"சக்கரை பத்தலம்மா."

அம்மா சர்க்கரை எடுத்துவர உள்ளே போனாள்.