வளையத்துக்கு ஒரு துண்டு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. கொடியில் போடுவதற்குள்ளேயே எத்தனை தடவை நின்று மூச்சு வாங்கினேன்!

மதியம் ஆஸ்பத்திரி. இதய வால்வை மாற்றியே ஆகணும், அது தெரிந்ததுதான். இன்று புதுசாக ஒன்று. வால்வு உட்காரும் வளையம் எனக்கு ரொம்பச் சின்னதாம். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "அதுக்கேத்த சின்ன வால்வே போடலாம், சீக்கிரம் முடியும். ஆனா இந்த இரைப்பு முழுசாப் போகாதும்மா. வளையத்தை வெட்டி, ஒரு துண்டு வச்சுத் தைச்சா பெரிசு போடலாம். நேரம் ஆகும். ரத்தக்கசிவு ஆபத்தும் கொஞ்சம் கூட. யோசிச்சுச் சொல்லுங்க."

இவர் முந்திக்கொண்டு, "சின்னதே போடுங்க சார்."

டாங்கி ஃபாக்டரி ஃபிட்டர் ஆச்சே. ஆட்டோவில் ஆவடி வரும்வரை அதே பேச்சு. "துளையை ஒரு தடவை பெருசாக்கிட்டா திரும்பச் சின்னதாக்க முடியாது. பீஸே ஸ்கிராப்."

நான் என்ன பீஸா?

ஜூலை 10, வியாழன்

தைக்க வந்த ஜாக்கெட் எல்லாம் கொடுத்தாச்சு. பையில் நைட்டி இரண்டு, சீப்பு, விபூதி. நாளை அட்மிஷன். இவர் சாப்பிடவில்லை. பயம் வந்தால் இவருக்குக் கோபமாகத்தான் வரும்.

சொல்லிவிட்டேன். "ஜாக்கெட் இறுக்குதுன்னு வர்றவங்களை இளைச்சுட்டு வான்னா சொல்றேன்? அக்குள்ல துண்டு வச்சு விரிச்சுத் தர்றேன்ல? எல்லாத்துலயும் அட்ஜஸ்ட் பண்ணியே வயசாயிடுச்சு. நெஞ்சுக்குள்ளயாவது தாராளமா இருக்கட்டும். பெரிசுதான்."

இவர் என் பையை எடுத்துக் கதவோரம் வைத்தார். அப்புறம், "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

ஜூலை 17, வியாழன்

வார்டு. உயிரோடு இருக்கிறேன். திங்கள் ஆபரேஷன், பெரிசே போட்டார்களாம். இருமினால் நெஞ்சு பிளக்கிறது. தலையணையைக் கட்டிக்கொண்டு இருமணுமாம்.

வைத்துத் தைத்த துண்டு மாட்டு இதயத்தின் மேல்சவ்வு. அந்த மாட்டுக்கு ஒரு கும்பிடு. ரத்தம் கொடுக்க இவர் ஃபாக்டரி ஆட்கள் லீவு போட்டுவிட்டு வந்தார்களாம். பாதிப் பேர் பெயர்கூட எனக்குத் தெரியாது. நினைத்தாலே அழுகை. நல்லா இருக்கட்டும் எல்லாரும்.

பக்கத்துப் படுக்கை பூந்தமல்லி அம்மா: "இன்னா யக்கா, உன் ஊட்டுக்காரு அன்னிக்கு வெளிய அழுதுகினே இருந்தாராம். என் பொண்ணு பாத்துகீது. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில். தலைக்குக் குளித்தேன். மாடிப்படி ஏறலாம் என்று டாக்டர் சொல்லியாச்சு.

சாயங்காலம் ஸ்டேஷன் நடைமேம்பாலம். இவரும் கூட. எங்கேயாவது நிற்க வேண்டிவரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே ஏறினேன். வரவில்லை. மேலே காற்று. கடவுளே, முழு மூச்சு! திரும்பிப் பார்த்தால் இவர் பாதிப் படியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"மெதுவாப் போயேன். எனக்கு இரைக்குது."