வேலியோரத்து அரிசிமாவுக் கோலம்

இன்று காலை கொய்யா மரத்தடியில் குனிந்தபோது ஈர மண்ணோடு சேர்ந்து அரிசிமாவு வாசனை வந்தது. கூடவே நீயும் என் நினைவில் வந்துவிட்டாய். வந்ததும் வராததுமாக என் கோலத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்திருப்பாய். மைசூருக்கு வந்து இத்தனை வருடமாகியும் என் கோடு நேராகவில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்த பாதிரியார், "நம்ம வீட்டிலே கோலமா, சிஸ்டர்?" என்று கேட்டார். "எனக்கில்லை ஃபாதர், எறும்புக்கு" என்றேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

குண்டலுபேட்டை தாண்டி, ஊட்டிச் சாலையில் காடு தொடங்கும் இடத்தில் இருந்த சர்க்கார் டிஸ்பென்சரிக்கு நான் நர்சாக வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உன் வீட்டுக்காரர் சுங்கச் சாவடியில் காவல். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் பெட்டியை இறக்குவதற்குள் நீ ஆரம்பித்துவிட்டாய். "செருப்பத் தட்டிப்போட்டுத்தான் போடோணுமுங், தேளு இருக்கும். வெறகு எடுக்கறப்ப கையத் தட்டிச் சத்தம் போடுங்க, பாம்பு தானா போயிரும். பலாப்பழத்த மட்டும் ஊட்டுக்குள்ள வெச்சுராதீங்க நர்சம்மா. ஆனைக்குக் கதவத் தட்டற பழக்கம் இல்லீங்."

செவ்வெறும்பைப் பற்றி மட்டும் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது உன் கணக்கில் ஆபத்தே இல்லை. தினமும் விடிந்ததும் அரிசிமாவை வாரி வாரி உன் வாசலுக்கும் என் வாசலுக்கும் சேர்த்துக் கோலம் போடுவாய். வெயில் ஏறுவதற்குள் புள்ளி புள்ளியாக அவை தின்று முடித்துவிடும். ஒருநாள் வெறுங்காலோடு படியில் நின்றேன். நெருப்பை மிதித்த மாதிரி இருந்தது. கால் எரிந்தது பெரிதில்லை. உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு உள்ளே போகவில்லை. கம்பவுண்டர் அன்று ஊரில் இருந்தார், உடனே ஊசி போட்டார், பிழைத்தேன். அவர் பாதி நாள் குண்டலுபேட்டையில் இருப்பவர். அடுத்த முறை அவர் இல்லையென்றால் நானும் இல்லை. நர்சு வேலை பார்ப்பவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோலத்தை நிறுத்தச் சொன்னேன். "எறும்பு திங்கோணும்னுதானுங்க அரிசிமாவுல போடறது. கல்லுமாவுல போட்டா அது வெறும் கோடு" என்றாய். அதோடு விடாமல், எறும்பு வருவது என் சர்க்கரை டப்பாவுக்குத்தான் என்றும் ஒரு போடு போட்டாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு அண்டா நீரைக் கொதிக்க வைத்து புற்றின் வாயில் ஊற்றினேன். செத்தது கொஞ்சம். மற்றவை குடும்பத்தோடு கிளம்பி என் படிக்கல்லுக்கு அடியிலும் குளிக்கும் கல்லுக்கு அடியிலும் குடியேறின. "ஏனுங் நர்சம்மா, கூப்புட்டு ஊட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டீங்களா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். மாற்றல் கேட்டு மைசூருக்கே போய்விடுகிறேன் என்று நான் சொன்னதும் உன் சிரிப்பு நின்றது. சுற்றுப்பட்டில் பிரசவம் பார்க்க வேறு ஆள் கிடையாது என்று உனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் நீயே வந்தாய். "அதுகளும் போகாது, நீங்களும் போகக் கூடாது. என்ன பண்ணலாம், சொல்லுங்க" என்றாய். வக்கீல்கள் மாதிரி உட்கார்ந்து பேசினோம். வாசலுக்குக் கல்மாவு. அரிசிமாவுக் கோலம் இனி வேலியோரத்தில், அதுவும் குறைவில்லாமல். உனக்கு மனசே இல்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டாய். என் பங்குக்கு நானும் ஒரு நிபந்தனை போட்டேன். நீ ஊசி போடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

"ஆத்தாடி, ஊசியா!" என்று எழுந்தே விட்டாய். பிறகு கத்தரிக்காயில் தண்ணீர் ஊசி குத்திக் குத்திப் பழகினாய். அந்த நாட்களில் உன் வீட்டுக் குழம்பில் தண்ணீர் அதிகம் என்று உன் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொண்டதற்குக் காரணம் எனக்குத்தான் தெரியும். எறும்புகள் ஒரே நாளில் பேச்சைக் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவற்றின் வரிசை வேலிப் பக்கம் திரும்பியது.

மழைக்காலத்தில், காட்டோரத்துக் குடிசையிலிருந்து ஒருவர் ஓடிவந்து, "அம்மா, பேக பன்னி! ஹெரிகெ நோவு" என்று கதறினார். பிரசவ வலி என்றதும் துணைக்கு நீயும் வண்டியில் ஏறிக்கொண்டாய். குடிசைத் தரையெல்லாம் ஈரம். புற்றில் நீர் புகுந்து எறும்புகள் உள்ளே ஏறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. முழந்தாளிட்டு உட்கார்ந்த என்னைச் சுருக் சுருக்கென்று கடித்தன. குழந்தையின் தலை தெரிகிற நேரம். எனக்குப் பேச்சு போய்விட்டது. ஊசியும் மருந்தும் வைத்த தகரப் பெட்டி இருந்த என் பையைக் காட்டினேன். நீ மருந்துக் குப்பியை உடைத்தாய், ஊசியில் ஏற்றினாய். "கத்தரிக்கா, கத்தரிக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டே புடவைக்கு மேலேயே என் தொடையில் இறக்கினாய். நான் சைகை காட்டக் காட்டக் குழந்தையையும் உன் கைகளே வாங்கின. என் மூச்சு முதலில் திரும்பியதா, அது முதலில் அழுததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

திரும்பும்போது வண்டியில், "நான் கத்தரிக்காயா?" என்று கேட்டேன். நீ சிரிக்க ஆரம்பித்து அழுதுவிட்டாய். அன்றைக்கே, எழுதி வைத்திருந்த மாற்றல் மனுவை அடுப்பில் போட்டேன். அந்தக் காட்டோரத்தில் அதன் பிறகு எனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை.

உன் வீட்டுக்காரருக்கு வேலை முடிந்து நீ சொந்த ஊரான கௌதள்ளிக்குப் போனாய். நான் மைசூருக்கு வந்தேன். மலைக்காய்ச்சலில் நீ போன செய்தி எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. கோபம்தான் வந்தது எனக்கு. தேளுக்கும் ஆனைக்கும் வழி சொன்னவளைக் கேவலம் ஒரு கொசு கொண்டு போவதா? எனக்கு மூச்சு நின்றபோது நீ பக்கத்தில் இருந்தாய். உனக்கு நான் இல்லை. இந்த வருத்தம் எனக்குத் தீராது.

ஊசியும் மருந்தும் வைத்த அந்தத் தகரப் பெட்டி இன்னும் என் பையில் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கத்தரிக்காய் வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிட்டேன். காலையில் வேலியோரக் கொய்யா மரத்தடியில் அரிசிமாவு, வாசலில் கல்மாவு. இப்போது எறும்புகள் வந்துவிட்டன. கோணல் கோடு என்று ஒன்றையும் ஒதுக்காமல் தின்கின்றன. நான் இந்தப் பக்கம் வாசற்படியில் வெறுங்காலோடு நிற்கிறேன். மூச்சு நன்றாக வருகிறது.