முப்பத்தொரு புகார்

ஜனவரி 14, திங்கள்

ஏழாம் எண் துணி உலர்த்தும் இயந்திரம் மறுபடியும் நின்றுவிட்டது. அதன் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது கட்டட உரிமையாளர் கிளென் வந்தார். எங்கள் வரிசை முழுவதையும், என் சலவைக்கூடத்தோடு சேர்த்து, ஒரு நிறுவனம் விலைக்குக் கேட்கிறதாம். இடித்துவிட்டு ஆறு மாடி. கல்லூரி மாணவர்களுக்கு இருநூற்றெண்பது படுக்கை. வீடு என்று சொல்வதில்லை, படுக்கை என்றுதான் கணக்கு. நகர மன்றம் வரிச்சலுகை கொடுத்தால் வாங்குவார்கள், இல்லாவிட்டால் இல்லை.

"மே மாசம் வரைக்கும் டைம் இருக்கு, லோர்னா" என்றார்.

பத்தொன்பது வருடமாக இங்கே துவைக்கிறேன். மே மாதம் வரைக்கும் டைம் இருக்காம்!

ஜனவரி 16

ஒரு வேலையும் ஓடவில்லை. சில்லறை இயந்திரத்தை மூன்று தடவை துடைத்தேன்.

ஜனவரி 19, சனி

எங்கள் வட்டத்து மன்ற உறுப்பினர் வென்டெல் வழக்கம்போல் தன் கனத்த போர்வைகளோடு வந்தார். பிடித்துக்கொண்டேன். மூன்று பேர் ஆதரவாம், மூன்று பேர் எதிர்ப்பாம். ஏழாவது ஆள் இவர். வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். ஒன்றை மட்டும் சொன்னார்: சலுகை கொடுக்க வேண்டுமானால் அந்த இடத்தை முதலில் 'பாழடைந்த பகுதி' என்று மன்றம் தீர்மானம் போட வேண்டும். அதுதான் சட்டம்.

"என் கடையா பாழடைஞ்சது? தரையில உங்க மூஞ்சி தெரியுது பாருங்க!"

"அதான் கஷ்டமா இருக்கு. வரும்போதெல்லாம் அந்த மூஞ்சியப் பாக்க வேண்டியிருக்கு."

சிரிப்பு வரவில்லை எனக்கு. பாழடைந்த. அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

ஜனவரி 22, செவ்வாய்

என் மானம் இன்று போயிற்று.

பொதுக் கருத்துக் கூட்டம். நிறுவனத்தின் வக்கீல் திரையில் ஒரு பட்டியல் போட்டார். உடைந்த நடைபாதை. எரியாத தெருவிளக்கு. அடைத்துக்கொண்ட சாக்கடை. இடிந்த பின்சுவர். நான்கு வருடத்தில் முப்பத்தொரு புகார், படங்களோடு. "பகுதி பாழடைந்ததற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்" என்றார். பார்த்த படமாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தால் — எல்லாம் நான் எடுத்த படம்! எல்லாம் நகராட்சிக்கு நான் அனுப்பிய புகார்! ஓரத்தில் என் பெயர்: லோர்னா கோவார். ஒருவன் சிரித்தான், பிறகு கூடமே சிரித்தது.

அது போதாதென்று டெஸா எழுந்தாள். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு; ஞாயிறுதோறும் என் கடையில் துவைப்பவள். எனக்காகப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன், முட்டாள்.

"நாங்க நாலு பேர் ஒரு நிலவறையில இருக்கோம். சுவரெல்லாம் பூஞ்சை. வேற இடமே இல்லன்னு வீட்டுக்காரருக்குத் தெரியும், வருஷா வருஷம் வாடகைய ஏத்தறார். மிஸஸ் கோவார் எனக்கு ரொம்ப வேண்டியவங்க. ஆனா எனக்கு ஒரு அறை வேணும்."

"அந்தப் புதுக் கட்டடத்துல இருக்க உன்கிட்ட காசு இருக்கா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"இல்ல. இருக்கறவங்க அங்க போகட்டும். அவங்க காலி பண்ற இடம் எனக்குக் கிடைக்கும்ல?"

கத்தியவர் உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 23

என் கணவர் ரே காலையிலிருந்து ஒரே கிண்டல். "தவளை தன் வாயால கெடும். நீ மெயிலால கெட்ட." காபிக் கோப்பையை டங்கென்று வைத்தேன். பிறகுதான் ஓய்ந்தார்.

ஆனால் யோசித்தால் எரிகிறது. சரிபண்ணத்தானே எழுதினேன்? பக்கத்துத் தெருக்காரன் ஒரு வரிகூட எழுதியதில்லை. அவன் தெரு நல்ல தெருவாம்! அக்கறைப்பட்டவள் இடம் பாழாம். இது எந்த ஊர் நியாயம்?

ஜனவரி 27, ஞாயிறு

டெஸா வந்தாள். ஆறாம் எண்ணில் துணியைப் போட்டாள். நான் முகம் கொடுக்கவில்லை. சின்னப்புத்திதான், தெரியும்.

பிப்ரவரி 5, செவ்வாய்

மன்றத்தில் வாக்கெடுப்பு. அதற்கு முன் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். எழுதிக்கொண்டு போனதை நாற்காலியிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

"பல்லு வலிக்குதுன்னு முப்பத்தொரு தடவ உங்ககிட்ட வந்தேன். ஒரு தடவகூட நீங்க பாக்கல. இப்ப தாடையையே எடுக்கணும்னு சொல்றீங்க. ஒரே ஒரு ஆள அனுப்பியிருந்தா இந்தப் பட்டியல் இருந்திருக்குமா? பாழாக்கினது யாரு?"

நேரம் முடிந்த மணிகூட என் காதில் விழவில்லை. வாக்கு கேட்டபோது வென்டெல் மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: "எதிர்ப்பு."

நான்குக்கு மூன்று. சலுகை இல்லை. கட்டடம் இல்லை. என் கடை இருக்கிறது! ரே எல்லோர் எதிரிலும் என்னைத் தூக்கிவிட்டார், இடுப்பு பிடித்துக்கொண்டது அவருக்கு.

பிப்ரவரி 6

ஆளாளுக்கு வந்து கை கொடுக்கிறார்கள். டெஸா மட்டும் வரவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

கல்லூரி திறக்கும் வாரம். இரண்டு பெரிய பைகளோடு டெஸா வந்தாள். போர்வை, குளிர்கோட்டு, எல்லாமே.

"புது எடத்துக்கா?" என்று கேட்டுவைத்தேன்.

"வீட்டுக்கு. அந்த நிலவறைய ஆள் இருக்கத் தகுதியில்லன்னு நகராட்சி பூட்டிடுச்சு. ஜூன்லேர்ந்து தேடறேன், கையில இருக்கற காசுக்கு ஒண்ணும் கிடைக்கல. இந்த வருஷம் படிப்ப நிறுத்திட்டேன்."

அவள் வீடு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது.

"என் மேல கோவமா?"

"உங்க கடைய நீங்க காப்பாத்தினீங்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போர்வையின் இரண்டு முனையை அவள் பிடித்தாள், இரண்டை நான் பிடித்தேன். மடித்து முடித்தோம்.

ஆகஸ்ட் 23

அவள் தப்பா சொன்னாளா? இல்ல. நான் தப்பா சொன்னேனா? அதுவும் இல்ல. அப்புறம் ஏன் சோறு இறங்கல?

செப்டம்பர் 10, செவ்வாய்

அதே நிறுவனம், அதே வக்கீல். இந்தத் தடவை மாணவர் கட்டடத்துக்குக் கேட்பது எதிரே உள்ள வண்டி நிறுத்தும் திடலை. என் வாடிக்கையாளர்கள் வண்டி விடும் இடம் அது ஒன்றுதான். போனால் பாதிப் பேர் நெடுஞ்சாலைக் கடைக்குப் போய்விடுவார்கள். ரே படித்துப் படித்துச் சொன்னார். காது கொடுக்கவில்லை.

கூட்டத்தில் பேசுவதற்கு நகர மன்ற அலுவலகத்தில் பெயர் கொடுத்தேன். படிவத்தை வாங்கிய எழுத்தர் மார்வா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"லோர்னா, தப்பான கட்டத்துல டிக் போட்டிருக்க. இது 'ஆதரவு'."

"தெரியும் மார்வா. நம்பர் போட்டு உள்ள வை."