குப்பைத்தொட்டியைக் காலி செய்த நாள்

இன்று காலை ஒரு கல்யாண வீடியோவைக் கேமராவிலிருந்து இறக்க உட்கார்ந்தேன். இடமில்லை என்று கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்றுவிட்டது. வெளியே கண்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. இடமெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். நீ வைத்த குப்பைத்தொட்டி நிறைந்துவிட்டது.

ராயபுரத்தில் நாம் இருவரும் ஸ்டுடியோ போட்டபோது பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றியவன் நீதான். மவுஸால் அழித்தால் படம் குப்பைத்தொட்டியில் கிடக்கும், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். நீ மவுஸைத் தொடமாட்டாய். கருப்புத் திரையில் 'ஆர்எம்' என்று அழிக்கும் கட்டளையை அடிப்பாய். அதில் போனது போனதுதான். "எதுக்கு மாமு ரெண்டு வேலை?" என்பாய்.

எண்ணூரிலிருந்து அந்த அக்கா வந்த நாள்வரை அப்படித்தான் ஓடியது. சர்ச்சில் அவர் மகள் முதல்முறை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு நாம் படம் எடுத்திருந்தோம். அதற்குப் பிறகு கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை.

"அதுல ஒண்ணுல அவரு சிரிச்சிகினு இருப்பாரு நைனா. ஆல்பத்துக்கு வேணாம்னு வுட்டுட்டோம். அத்த பெருசு பண்ணிக் குடு" என்றார்.

நீ தேடினாய். இடம் வேண்டுமென்று சில நாள் முன்பு நீயே அழித்த ஃபோல்டர் அது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நீ எழுந்து நின்று, "நான்தான் அழிச்சிட்டேன்க்கா" என்றாய். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "போட்டும் வுடு. நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாய். அழிந்ததை மீட்கும் புரோகிராம்களையெல்லாம் ஓட்டிப் பார்த்தாய். ஒரே ஒரு படம் பாதி வந்தது. மகளின் வெள்ளை முக்காடும் அவள் பக்கத்தில் ஒரு தோளும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். அதை அவரிடம் காட்ட உனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் கருப்புத் திரைக்கும் ஒரு தொட்டி வைத்தாய். 'டிராஷ்-புட்' என்று அடித்தால் ஃபைல் தொட்டிக்குப் போகும். கேட்டால் பழைய இடத்துக்கே திரும்பி வரும். ஆர்எம் என்று அடித்தால் கம்ப்யூட்டர் ஒன்றும் செய்யாமல் தடுத்துவிடும்.

"ஆர்எம்மையே தொட்டிக்குத் திருப்பி வுட்டா ஈஸிதான?" என்றேன்.

"அதே பழக்கத்துல வேற மிஷின்ல அடிப்ப மாமு. அங்க தொட்டி இருக்காது. கை நின்னு பழகணும்."

தொட்டியை இருவரும் சேர்ந்து பார்த்த பிறகே காலி செய்வது என்று பேசிக்கொண்டோம். பிறகு ஒருநாள் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். வரவில்லை. நான் தொட்டியைத் தொடவே இல்லை.

இன்று உன் மனைவியைக் கூப்பிட்டேன். "இதுல எனக்கு இன்னாண்ணே தெரியும்?" என்றவர், ஆட்டோ பிடித்து வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்துவிட்டார். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தேன். கண் மூடிய மணப்பெண்கள், ஆடிப்போன படங்கள், யாரோ குறுக்கே வந்து மறைத்த மாப்பிள்ளை. அவருக்குப் பாதிப் பேரைத் தெரிந்திருந்தது. "இத்த வைண்ணே. இவங்க மவுத்தாயிட்டாங்க" என்பார். இறந்துபோனவர்களையெல்லாம் தனியே எடுத்து வைத்தேன். முதுகு விட்டுப்போயிற்று.

"எல்லாத்தையும் வெச்சிடலாமா? வேற டிஸ்க் வாங்கிக்கறேன்" என்றேன்.

"எவ்ளோ வாங்குவ? அவரு சட்டைங்களயே குடுத்துட்டேண்ணே. ரெண்டு மட்டும் வெச்சிகினு கீறேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொட்டியைக் காலி செய்தேன். வீடியோ இறங்க ஆரம்பித்தது.

போகும்போது, "நெறஞ்சா கூப்டுண்ணே" என்றார். சரி என்றேன். எனக்கு அசதியாக இருந்தது, இன்னும் இருக்கிறது. அழிக்க இவ்வளவு நேரம் எடுக்கும் ஆளாக என்னை ஆக்கிவிட்டாய். யார் முகமென்று பார்க்காமல் எதையும் அழிக்க இப்போது எனக்குக் கை வருவதில்லை.