காதுக்குள் இரைச்சல்

ஐப்பசி 14, வியாழன்.

பத்து நாட்களாக என் இரண்டு காதுகளுக்குள்ளும் சில்வண்டு கத்துவதுபோல் ஓர் இரைச்சல். மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் நிலம் அளக்க வந்தவன் நான். நிலத்தைப் பிடுங்கத்தான் அளக்கிறேன் என்று ஊரில் பேச்சு. அதனால், எனக்குச் சமைத்துப்போடும் நல்லம்மாள் சோற்றில் ஏதோ வேரை அரைத்துக் கலக்கிறாள் என்றே நினைத்தேன்.

இன்று மத்தியானம் அவளிடமே கேட்டுவிட்டேன். அவள் என் இலையிலிருந்த சாமைச் சோற்றை அள்ளி என் கண்ணெதிரே தின்றாள்.

“காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை திங்கறீங்களே, அதுதானுங்க. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தான் இரைஞ்சுது. நிறுத்துனதும் போச்சுங்க” என்றாள். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

நான் நம்பவில்லை. சாயங்காலம் மாத்திரை டப்பாவை எடுத்து, கம்பவுண்டர் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். ஒரு நாளைக்கு இரண்டு, அளவு மீறினால் காது இரையும் என்று எழுதியிருந்தார். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து நான் தினமும் ஆறு விழுங்கி வந்திருக்கிறேன்.

இரவுச் சோறு வரவில்லை. நாளை அவள் வீட்டு வாசலுக்கு நானே போகவேண்டும். என்ன சொல்வது என்று யோசித்தால் இரைச்சல் இன்னும் கூடுகிறது.